அக்கா வீட்டுச் சுவருக்கு அடியில்

வாய்க்கால் கரையில் அவளைக் கண்ணிக்காரி என்றால்தான் தெரியும். ஆள் உயரத்துக்கு மேல் நீண்ட கழி, அதன் நுனியில் சுருக்குக் கயிறு, காலில் ரப்பர் பூட்ஸ், தோளில் ஈரச் சாக்கு. புதிதாகப் பார்ப்பவர்கள் மீன் பிடிக்கப் போகிறாள் என்று நினைத்துக்கொள்வார்கள். மீனோடு அவளுக்கிருந்த உறவு சந்தையோடு போய்விட்டது. கல்யாணத்துக்கு முன்பிருந்தே சந்தையில் மீன் வெட்டியவள். சந்தையை இடித்துவிட்டு அங்கே அடுக்குமாடி எழுப்பியபோது வேலை போயிற்று. அவளிடம் வாடிக்கையாக மீன் வாங்கிய வாய்க்கால் ஓவர்சியர்தான், வழுக்குகிற உயிரைப் பிடித்துப் பழகிய கை சும்மா இருக்க வேண்டாம் என்று கூப்பிட்டு இந்த வேலையைக் கொடுத்தார். பச்சை ஓணான் பிடிக்கிற வேலை.

அது ஊருக்கு வந்தது இப்படித்தான். கிளியும் மீன் தொட்டியும் விற்கிற கடைக்காரர் ஒரு வருஷம் கண்ணாடிப் பெட்டிக்குள் விரல் நீளக் குட்டிகளைக் கொண்டுவந்து வைத்தார். தளிர் இலை நிறம். கடல் தாண்டி வந்தவை, இக்வானா என்று பேர் சொன்னார். அந்தப் பேர் ஊர் வாயில் நுழையாமல், பச்சை ஓணான் ஆகிவிட்டது. இலை தின்னும், சத்தம் போடாது, கடிக்காது என்று சொல்லி விற்றார். பிள்ளைகள் அடம்பிடித்து வாங்கினார்கள். சில வருஷத்தில் அவை ஆள் கை இரண்டைச் சேர்த்தாற்போல் நீண்டு, வாலை ஒரு வீசு வீசி அலமாரிக் கண்ணாடியை உடைத்தபோது, பெரியவர்கள் சாக்கில் போட்டுக்கொண்டுபோய் வாய்க்கால் ஓரம் விட்டுவிட்டு, எங்கேயாவது பிழைத்துப் போகட்டும் என்று புண்ணியமும் தேடிக்கொண்டார்கள். வேலியில் போன ஓணானை மடியில் கட்டிக்கொண்டு குத்துதே குடையுதே என்றானாம் ஒருத்தன். இந்த ஊர் மடியில் இருந்ததை அவிழ்த்து வேலியில் விட்டது. குடைச்சல் அதற்குப் பிறகுதான் வந்தது.

முதலில் எல்லாருக்கும் அது வேடிக்கை. மதில்மேல் வரிசையாக வெயில் காயும் பச்சைகளைப் பார்க்க வெளியூர்க்காரர்கள் வந்தார்கள். டீக்கடைக்காரர் பலகையில் அதன் படத்தை வரைந்து வைத்தார். குளிர் என்பதே இல்லாத ஊர், வருஷம் முழுக்கத் தளிர், அடித்துத் தின்ன ஒரு விரோதி கிடையாது. அவை பெருகின. முட்டை வைக்க மண் கரையில் பொந்து தோண்டின. ஒரு பொந்துக்குள் இன்னொரு பொந்து என்று கரை உள்ளுக்குள்ளேயே சல்லடை ஆனது வெளியிலிருந்து பார்த்தவர் யாருக்கும் தெரியவில்லை. போன மழையில் கீழ்த்தெருப் பக்கம் கரை உட்கார்ந்துவிட்டது. உயிர் ஒன்றும் போகவில்லை. ஆனால் வீடுகளுக்குள் மார்பளவு சேறு. கறிக்கடைக்காரர் வீட்டில் அவர் மனைவியின் தையல் இயந்திரம், கட்டில், கடைப் பெட்டி எல்லாம் சேற்றுக்குள் போயின. அந்த அம்மாள் இருமிக்கொண்டே மாதக்கணக்கில் ஆஸ்பத்திரிக்கு அலைந்தாள்.

அதோடு ஊர் மனம் புரண்டது. நேற்றுவரை செம்பருத்திப் பூ பறித்து ஊட்டியவர்கள் இன்று கம்பைத் தூக்கினார்கள். ‘வந்தேறிகளை விரட்டுவோம்’ என்று சுவரெல்லாம் எழுதினார்கள். நாலு காலும் வாலும் இருந்தால் போதும், அடித்தார்கள். பாட்டன் காலத்திலிருந்து இந்த மண்ணில் இருக்கிற உடும்பும் அந்தக் கணக்கில் செத்தது. கண்ணிக்காரிக்கு அந்தச் சுவர் எழுத்தைத் தாண்டும்போதெல்லாம் நெஞ்சில் ஒரு முள் தைக்கும். அவளும் அவள் அக்காவும் சின்னப் பிள்ளைகளாக, வேலை தேடி வந்த அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு இந்த ஊருக்குள் நுழைந்தவர்கள். தெருக்குழாயடியில் அந்த வார்த்தையை அவர்கள் வேறு விதத்தில் கேட்டிருக்கிறார்கள். அக்கா அந்த எழுத்தை முதலில் பார்த்த அன்று, “ஏண்டி, உன் சுருக்கு நம்ம கழுத்துக்குப் பத்துமா?” என்று கேட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அக்காவுக்கு எல்லாமே சிரிப்புதான்.

அப்படிச் சிரித்தவள் நாலைந்து மாதம் கழித்து ஒரு காலையில் பல் விளக்கிக்கொண்டிருக்கும்போதே சாய்ந்தாள். பக்கவாதம். வலது கை, வலது கால், பேச்சு, எல்லாம் ஒரே அடியில் போயின. அத்தான் ரொட்டி அடுப்படியில் காலமெல்லாம் நின்றவர், முழங்கை வரை சூட்டுத் தழும்பு. வேலையை விட்டுவிட்டு அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். பிள்ளைகள் இல்லாத வீடு. கண்ணிக்காரி தினமும் போய்க் குளிப்பாட்டிவிட்டு வருவாள். அக்கா சுவரைப் பார்த்தபடி கிடப்பாள். கழுத்தைத் திருப்பவும் மாட்டாள், யாராவது பிடித்துத் திருப்பினால் அழுவாள்.

வீடு வாய்க்கால் கரையை ஒட்டியது. கரை மேடு, வீடு பள்ளம். அக்கா படுத்திருந்த பின்னறையின் சன்னலைத் திறந்தால் கைக்கு எட்டுகிற தூரத்தில் கரையின் சரிவு. அந்தப் பக்கம் வாய்க்கால் துறையின் வேலை இன்னும் வந்து சேரவில்லை. கீழ்த்தெருவிலிருந்து தொடங்கி ஒவ்வொரு பகுதியாக ஓணான்களைப் பிடித்து, பொந்துகளை வெட்டித் திறந்து, களிமண் அடித்து மூடிக்கொண்டு வந்தார்கள்.

மழை முன்கூட்டியே வந்துவிட்டது. மேலணை நிரம்புகிறது, எந்த நேரமும் திறப்பார்கள், மிச்சமிருக்கிற பகுதியை உடனே முடித்தாக வேண்டும் என்று ஓவர்சியர் சொல்லியனுப்பினார். மிச்சமிருந்தது அக்கா வீட்டுச் சந்துதான். பகல் வெயிலில் அவள் கழியோடு அங்கே போனாள். வழக்கமாக வாசல் வழியாகப் போகிறவள் அன்று கரை வழியாகப் பின்பக்கம் போனாள். அப்போதுதான் கண்ணில் பட்டது. சன்னலுக்கு நேர் கீழே, சரிவில், மாவு டின்னைத் தட்டி நிமிர்த்திய தகரம் ஒன்று சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் இரண்டு பூந்தொட்டிகள். சரிவில் யாராவது பூந்தொட்டி வைப்பார்களா?

தகரத்தை நகர்த்தினாள். உள்ளே ஒரு தலை நுழையும் அளவுக்குப் பொந்து. வாயில் புது மண், ஈரம் காயாதது. கழியைத் திருப்பி அடிப்பக்கத்தை உள்ளே விட்டாள். போயிற்று. இன்னும் போயிற்று. கடைசியில் கைப்பிடி அளவுதான் வெளியில் நின்றது. அது வாய்க்கால் பக்கமாகவும் போகவில்லை, கரையோடும் போகவில்லை. நேராக வீட்டைப் பார்த்துப் போயிற்று.

அத்தான் சத்தம் கேட்டு மண்வெட்டியோடு வந்து நின்றார்.

“அத்தான், இது அக்கா கட்டிலுக்கு அடியில போகுது.”

“தெரியும்,” என்றார் அவர்.

தெரியாமல் செய்கிறவரிடம் பேசலாம். தெரிந்து செய்கிறவரிடம் என்ன பேசுவது?

அவர் கரையிலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்து மெல்லச் சொன்னார். ஒரு நாள் பெரிய பச்சை ஒன்று சன்னல் கம்பிக்கு வெளியே வந்து உட்கார்ந்திருக்கிறது. அதன் நிழல் சுவரில் விழ, அக்கா கழுத்தைத் திருப்பிப் பார்த்திருக்கிறாள். யார் சொல்லியும் திரும்பாத கழுத்து. அன்றிலிருந்து பப்பாளித் தோலும் செம்பருத்தியும் வைக்கத் தொடங்கினார். வேளை தவறாமல் சாப்பாட்டு நேரத்துக்கு வந்து, ஒரு வேலையும் செய்யாமல் தின்றுவிட்டுப் போவதால் மாப்பிள்ளை என்று பேர் வைத்தார். அக்கா முதன்முதலில் திரும்பப் பேசிய வார்த்தை அதுதான்: மாப்ள. இப்போது இடது கையால் கரண்டியை எடுத்துக் கம்பியில் தட்டுகிறாள், அது வருகிறது. அக்கா பேசத் தொடங்கியது கண்ணிக்காரிக்குத் தெரியும். எதனால் என்பதைத்தான் இரண்டு பேரும் சேர்ந்து மறைத்துவிட்டார்கள். ஓணானுக்கு வேலி சாட்சி, வேலிக்கு ஓணான் சாட்சி.

“கீழ்த்தெருவுல என்ன ஆச்சுன்னு நீங்களும் பாத்தீங்கள்ல?”

“பாத்தேன். இவ சுவத்தையே பாத்துக்கிட்டு கிடந்ததையும் நான்தான் பாத்தேன்.”

அப்போது அது வந்தது. சரிவின் உச்சியிலிருந்து, புல்லை விலக்கிக்கொண்டு, தாடைக்குக் கீழே தோல் தொங்க, யாரைப் பற்றியும் கவலைப்படாமல் நடந்து வந்தது. கண்ணிக்காரி ஒரு பார்வையில் கண்டுகொண்டாள். மூக்கில் மண் ஒட்டியிருந்தது. வயிறு இரண்டு பக்கமும் புடைத்திருந்தது.

“அத்தான், அது மாப்பிள்ளை இல்ல. பொட்டை. முட்டை வைக்க இடம் பண்ணுது. இன்னும் உள்ள உள்ளதான் தோண்டும்.”

அவள் கழியை எடுத்தாள். அவர் எழுந்து குறுக்கே நின்றார். கையில் மண்வெட்டி இருந்தது. ஓங்கவில்லை, ஆனால் இறுக்கிப் பிடித்திருந்தார். தன் கல்யாணத்துக்குத் தோளில் பந்தல் கம்பு சுமந்த மனிதர், தங்கச்சி மாதிரி என்று ஊரறியச் சொன்னவர், இப்படி நிற்கிறாரே என்று அவள் கழியைத் தாழ்த்தினாள். நாளைக் காலையில் வா, அவளிடம் நானே சொல்லிவிடுகிறேன், சொல்லாமல் பிடித்தால் தாங்க மாட்டாள் என்று கெஞ்சினார். அவள் ஒப்புக்கொண்டாள். அக்காவை இன்றைக்கே என் வீட்டுக்குக் கொண்டுபோகிறேன் என்றதற்கு மட்டும் அவர் அசையவில்லை.

அன்று மிச்ச நேரமெல்லாம் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அவள் புருஷன் பஸ் பணிமனையில் மெக்கானிக். விஷயத்தைக் கேட்டுவிட்டு, கை எண்ணெய்யைத் துடைத்தபடியே சொன்னார்: “அக்காவா வேலையான்னு நின்னு யோசிக்காத. ரெண்டும் ஒரே குழிக்கு மேலதான் கிடக்கு.”

விடிந்தும் விடியாமலும் கிளம்பிப் போனாள். சந்து முனையிலேயே சத்தம் கேட்டது. ஓணானை ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று பக்கத்து வீட்டார் யாரோ கீழ்த்தெருவுக்குச் சொல்லிவிட்டிருந்தார்கள். கறிக்கடைக்காரர் முன்னால் நின்றார், பின்னால் கம்புகளோடு ஆட்கள். ஒருவர் கையில் பெட்ரோல் கேன். பொந்துக்குள் ஊற்றிக் கொளுத்தினால் உள்ளே இருக்கிறது எல்லாம் ஒன்றாகப் போகும் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அத்தான் பொந்துக்கு முன்னால் மண்வெட்டியோடு நின்றார். யாரோ எறிந்த கல் அவர் நெற்றியில் பட்டு ரத்தம் புருவத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. அவர் துடைக்கக்கூட இல்லை.

கண்ணிக்காரி ஓடிப்போய்க் கேனைப் பிடித்தவரின் கையைப் பிடித்தாள்.

“தம்பி, இது எங்க போய் முடியுதுன்னு தெரியுமா? அந்தச் சன்னலுக்குள்ள. அங்க எழுந்திரிக்க முடியாத ஒரு பொம்பள படுத்திருக்கா.”

கேன்காரர் சன்னலைப் பார்த்தார். கறிக்கடைக்காரரும் பார்த்தார். அவர் கெட்டவர் இல்லை. கண்தான் சிவந்திருந்தது.

“எங்க வீட்டுலயும் ஒரு பொம்பள இருக்கா அக்கா,” என்றார். “இப்பவும் மழை பேஞ்சா கட்டிலுக்கு மேல ஏறி உக்காந்துக்கிறா. உங்க அத்தானுக்கு அது செல்லப்பிள்ளை. எங்களுக்கு?”

அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. கொஞ்ச நேரம் கொடுங்கள், நானே பிடித்துக்கொண்டு வருகிறேன், பிடிக்காவிட்டால் உங்கள் இஷ்டம் என்றாள். கூட்டத்தில் முணுமுணுத்தார்கள். உன் ஆட்கள்தானே, நீ எப்படிப் பிடிப்பாய் என்று ஒருவர் கேட்டார். உங்க ஆளுங்க எல்லாமே வந்தவங்கதானே என்று பின்னாலிருந்து இன்னொரு குரல் வந்தது. கறிக்கடைக்காரர் திரும்பி ஒரு முறை முறைத்ததில் அந்தக் குரல் அடங்கியது. அவர் எல்லாரையும் சந்து முனைவரை தள்ளிக்கொண்டு போனார். போகும்போது, “சீக்கிரம்,” என்று மட்டும் சொன்னார்.

அவள் அத்தானைத் தாண்டி உள்ளே போனாள். அக்கா விழித்திருந்தாள். எல்லாம் காதில் விழுந்திருக்கிறது. முகத்தின் ஒரு பக்கம் கோணியபடியே இருக்க, மறுபக்கம் மட்டும் நடுங்கிக்கொண்டிருந்தது.

“அத்தான் சொன்னாரா?”

அக்கா இல்லை என்று தலையசைத்தாள். பிறகு வார்த்தைகளை ஒவ்வொன்றாக இழுத்து, நாக்கில் கல் கட்டினவள்போலச் சொன்னாள்: “அவரு… சொல்ல மாட்டாரு. எனக்கே… தெரியும். கீழ சுரண்டுற சத்தம்… கேக்குது.”

“எத்தனை நாளா?”

“ரொம்ப.”

அக்காவும் தெரிந்தேதான் கிடந்திருக்கிறாள். கட்டிலுக்கு அடியில் மண் குறைந்துகொண்டே போவதைக் கேட்டுக்கொண்டு, நாளைக்கும் அது சன்னலுக்கு வந்தால் போதும் என்று. கண்ணிக்காரிக்குக் கோபம் வந்தது, அழுகையும் வந்தது, இரண்டுக்கும் அப்போது நேரமில்லை. அக்கா இடது கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“அவங்க கையில… விடாத. நீ புடி.”

சொல்லிவிட்டுக் கரண்டியைத் தேடினாள். கண்ணிக்காரி எடுத்துக் கையில் கொடுத்தாள். தட்டப்போகிறவள் யார், எதற்காக என்று இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது.

வெளியே வந்து சன்னலுக்குப் பக்கவாட்டில், சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நின்றாள். அத்தானை எட்டப் போகச் சொன்னாள். அவர் போனார். மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டுக் கரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார்.

உள்ளிருந்து தட்டுகிற சத்தம் வந்தது. டிங், டிங். ஒன்றும் வரவில்லை. வானம் கருத்திருந்தது, வெயில் இல்லாத நேரத்தில் அவை மந்தமாகத்தான் இருக்கும். அக்கா மறுபடி தட்டினாள். பொந்து வாயில் மண் உதிர்ந்தது. தலை தெரிந்தது. பாதி உடம்பு வெளியே வந்ததும் நின்றுவிட்டது. ஒரு கண் சன்னலைப் பார்த்தது, மறு கண் இவளைப் பார்த்தது. சந்து முனையில் யாரோ இருமினார்கள். அது சரசரவென்று பின்வாங்கி உள்ளே போய்விட்டது.

அவள் மூச்சை அடக்கிக்கொண்டாள். கூட்டத்தில் பொறுமை கரைவது தூரத்திலிருந்தே தெரிந்தது, ஆட்கள் கால் மாற்றி நின்றார்கள். கரண்டிச் சத்தமும் நின்றுபோயிருந்தது. அக்காவுக்குக் கை ஓய்ந்துவிட்டதோ, மனசு மாறிவிட்டதோ. எட்டிப் பார்க்க முடியாது. பார்த்தால் அசைவு தெரியும். வியர்வை கண்ணில் இறங்கி எரிந்தது.

மறுபடி தட்டல் கேட்டது. இந்த முறை அதோடு அக்காவின் குரலும். “மாப்ள… வா.”

அது வந்தது. முழுசாக வெளியே வந்து, சரிவில் ஏறி, சன்னல் விளிம்பில் முன்கால்களை வைத்தது. கம்பிக்கு அந்தப் பக்கம் அக்காவின் விரல்கள் ஒரு செம்பருத்தியை நீட்டிக்கொண்டிருந்தன. அது பூவைக் கவ்வியது. கண்ணிக்காரி சுருக்கை இறக்கி, தலையைத் தாண்டவிட்டு, வெட்டி இழுத்தாள்.

கழுத்தில் விழவேண்டிய சுருக்கு ஒரு முன்காலையும் சேர்த்துப் பிடித்துவிட்டது. அது துள்ளியது. வால் சாட்டைபோல வந்து அவள் கன்னத்தைக் கிழித்தது. கழி கையிலிருந்து திருகிக்கொண்டு போகப் பார்த்தது. இழுத்த இழுப்பில் அது பொந்து வாய்க்கே போய்விட்டது, இன்னும் ஒரு உந்தல் போதும், சுருக்கோடு உள்ளே போய்விடும். கழியை விட்டுவிட்டு அவள் அதன்மேல் விழுந்தாள். நகங்கள் முழங்கையைக் கீறின. மீன் சந்தையில் உயிரோடு துள்ளுகிற பெரிய விராலை அழுத்துவதுபோல, கழுத்தை ஒரு கையாலும் இடுப்பை முழங்காலாலும் அழுத்திக்கொண்டு, சாக்கு எங்கே என்று கை துழாவினாள். சாக்கின் வாயை விரித்துப் பிடித்தபடி ஒரு கை அவளிடம் நீண்டது. அத்தான். நெற்றி ரத்தம் உறைந்திருந்தது. அவள் முகத்தைப் பார்க்காமலே சாக்கைப் பிடித்துக்கொண்டார்.

சாக்கைக் கட்டி முடித்தபோது ஆட்கள் கம்போடு ஓடி வந்தார்கள். அவள் அதன்மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். இது கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போகிறது, அங்கே ஊசி போட்டு முடிப்பார்கள், அதுதான் முறை, ஒரு கம்பும் இதன்மேல் படக்கூடாது என்றாள். கன்னத்து ரத்தம் கழுத்துவரை வழிய அவள் அப்படிச் சொன்னதைப் பார்த்து ஓடி வந்தவர்கள் கம்பைத் தாழ்த்தினார்கள். கறிக்கடைக்காரர்தான் தன் கம்பைக் கரையில் எறிந்துவிட்டு, “முதல்ல அந்த அம்மாவை வெளிய தூக்குவோம்,” என்றார்.

கட்டிலோடு தூக்கினார்கள். நாலு பேர் தூக்கி வாசலைத் தாண்டியதும், கட்டில் கால் இருந்த இடத்தில் சிமெண்டுத் தரையில் ஒரு விரிசல் இருப்பதை ஒருவர் பார்த்தார். கடப்பாரையால் லேசாகத் தட்டினார். தரை பொத்தென்று உள்ளே விழுந்தது. கீழே ஓர் ஆள் குனிந்து உட்காரும் அளவுக்குக் குடைவு, மூலையில் குவியலாக வெள்ளை முட்டைகள். தோலுரித்த நுங்குபோல மெத்தென்றிருந்தன. இது ஒன்றின் வேலை மட்டும் இல்லை, பல வருஷமாகப் பல பொட்டைகள் வந்து தோண்டிய இடம். எல்லாரும் அதை எட்டிப் பார்த்துவிட்டு, ஒரு கணம் வாசலில் கட்டிலில் கிடந்த அக்காவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அன்று பகல் முழுக்க, கம்பு கொண்டுவந்த அதே கைகள் களிமண் சுமந்தன. ஓவர்சியர் வந்து சேர்ந்தபோது பாதி வேலை முடிந்திருந்தது. அணை திறந்தது. வாய்க்கால் விளிம்புவரை ஓடியது. கரை வியர்த்தது, ஆனால் நின்றது. அக்கா வீட்டின் பின்சுவர் மட்டும் உச்சியிலிருந்து அடிவரை வெடித்தது. அந்த அறையில் பிறகு யாரும் படுக்கவில்லை.

அக்கா தங்கச்சி வீட்டுக்கு வந்தாள். ஊர்ப் பேச்சு ஒன்றும் அதோடு அடங்கிவிடவில்லை. கண்ணிக்காரி சொந்த அக்காவுக்கே துரோகம் பண்ணினாள் என்றார்கள் சிலர். சொந்த அக்கா என்பதால் ஒரு நாள் விட்டுக்கொடுத்தாள், அதற்குள் என்னவெல்லாம் ஆகியிருக்கும் என்றார்கள் வேறு சிலர். இரண்டாவது பேச்சுதான் அவளைச் சுட்டது, ஏனென்றால் அது உண்மை. வேலையை அவள் விடவில்லை. சுவர் எழுத்துகளை மழை கழுவியது, அடுத்த வருஷம் யாரோ புதிதாக எழுதினார்கள்.

அத்தான் தினமும் வந்தார். அக்காவோடு பேசினார், கண்ணிக்காரியின் புருஷனோடு பேசினார். அவளோடு பேசவில்லை. அவளும் வலியப் போகவில்லை. ஒரு நாள் அவள் சோப்பு நுரையோடு அக்காவுக்குத் தலை அலசிக்கொண்டிருந்தாள். அக்காவின் பேச்சு அதற்குள் நன்றாகத் திரும்பியிருந்தது, இப்போது கழுத்தும் தானாகவே இரண்டு பக்கமும் திரும்பும். அத்தான் வாசற்படியில் உட்கார்ந்து செருப்பைத் தைத்துக்கொண்டிருந்தார்.

“ஏண்டி, அன்னிக்கு ஆஸ்பத்திரியில அதுக்கு வலிச்சுதா?” என்று கேட்டாள் அக்கா.

வாசலில் அத்தான் கையில் ஊசி நின்றது.

கண்ணிக்காரி ஒரு சொம்பு தண்ணீரை ஊற்றினாள். பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தாள்.

“ஊசி குத்தினப்போ ஒரு தடவ துள்ளுச்சு. அப்புறம் இல்ல. நான் தலையைப் புடிச்சுக்கிட்டேதான் இருந்தேன்.”

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். வாசலிலிருந்து அத்தானின் குரல் வந்தது. மாதக்கணக்கில் அவளை நோக்கிப் பேசாத குரல்.

“சின்னவளே, தண்ணி ஆறிடுச்சு. கொஞ்சம் சூடு பண்ணி எடுத்துட்டு வரவா?”

“கொண்டாங்க அத்தான்,” என்றாள் அவள்.